மேல்மேட்டு ஊற்று

டேட்டன், ஒஹாயோ
மார்ச் 3, 2022

திரு. தேய்ன் யோர்கென்சன் அவர்களுக்கு,

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நலமா என்று கேட்பது வழக்கம். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பத்திரிகை கையில் கிடைத்தது. வாழ்வதற்கும் முன்னேறுவதற்கும் ஏற்ற மாநிலங்கள் என்று ஒரு பட்டியல். நம் யூட்டா மேலே இருந்தது. பனி மூடிய மலை, அதன் அடியில் சைக்கிளில் ஒரு குடும்பம், நான்கு பேருக்கும் பளிச்சென்று பற்கள். நான் ஃபேர்டேலில் இருந்த இருபத்து மூன்று வருடத்தில் அப்படி ஒரு குடும்பத்தைக் கண்ணால் கண்டதில்லை. அது கிடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் கொரின் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டாள். உங்கள் பள்ளத்தாக்கில் மாடு பார்க்கும் டாக்டர் இல்லாமல் ஆறு வருடமாகத் தவிக்கிறார்களாம். அவளுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் சேர வேண்டும். வேலை இருக்கிறது, வீடுதான் இல்லை. வாடகைக்குக்கூட ஒன்றும் அகப்படவில்லை. அதனால் அப்பா எனக்கு எழுதிவைத்த மேல்மேட்டு ஐந்து ஏக்கரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். தண்ணீர் உரிமை இருந்தால்தான் வீடு கட்ட அனுமதி என்கிறார்கள். அங்குள்ள ஊற்று என் பெயரில் இருக்கிறது என்று நான் சொன்னேன். மாநில நீர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பக்கத்தில் விடுமுறை வீடுகள் கட்டும் கம்பெனி ஆட்சேபம் போட்டிருக்கிறதாம். அந்த ஊற்றை ஏழு வருடத்துக்கு மேல் யாரும் பயன்படுத்தவில்லை, எனவே சட்டப்படி என் உரிமை செத்துவிட்டது, அந்தத் தண்ணீரைத் தங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். மே 14ஆம் தேதி விசாரணை.

என் நிலத்தின் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரே ஆள் நீங்கள். ஊரின் முறைத் தண்ணீரை இருபது வருடமாகப் பங்கிட்டுக் கொடுப்பவரும் நீங்கள்தான். உங்கள் வார்த்தையை நம்புவார்கள். ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். 'உரிமையாளரான நெட்ரா ஹோல்ட் ஒவ்வொரு கோடையிலும் இந்த ஊற்றால் தன் நிலத்துக்குப் பாசனம் செய்துவந்தார்' என்று அதில் இருக்கிறது. கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

நெட்ரா ஹோல்ட்


ஃபேர்டேல், யூட்டா
மார்ச் 11, 2022

நெட்ரா,

உன் கடிதம் வந்தது. 'நீங்கள்' என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த தபாலோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். நீ பாசனம் செய்ததாக அதில் இருக்கிறது. நீ செய்யவில்லை. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் மதகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினாய். போகும்போது, "என் நிலத்துல உன் காலடி பட்டா ஷெரீஃபைக் கூப்பிடுவேன்"னு நீ சொன்னதை என் மனைவி ஆர்வாவும் கேட்டாள், பையன் பிராக்கும் கேட்டான். உண்மை இல்லாததில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது உனக்குத் தெரியாததல்ல.

பத்திரிகைக்காரர்கள் எங்களைக் கேட்டுவிட்டுப் பட்டியல் போட்டதாகத் தெரியவில்லை. நல்லது எதுவும் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கிளினிக் இப்போது வாரத்தில் ஐந்து நாள் திறக்கிறது. ஆர்வாவின் முழங்காலுக்கு நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் பிராக் பிறந்த ஊரில் வீடு கிடைக்காமல் அறுபது மைல் தள்ளிக் குடியிருந்து இங்கே வேலைக்கு வந்து போகிறான். நாலாம் வகுப்பு டீச்சர் சர்ச்சுக்குப் பின்னால் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டில் இருக்கிறாள். நீ சொல்லும் கம்பெனி வாசலில் எல்க் மான் படம் போட்ட பலகை வைத்திருக்கிறது. அவர்கள் வேலி போட்ட நாளிலிருந்து ஒரு எல்க்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கொரின் வேலைக்கு வருவது நல்ல செய்தி. என் பசுக்களில் பதினொன்று ஏப்ரலில் கன்று போடும்.

தேய்ன்


டேட்டன், ஒஹாயோ
மார்ச் 19, 2022

தேய்ன்,

மரியாதை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிடுகிறேன்.

அப்பாவின் அடக்கத்தன்று நான் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறாய். நீ சொன்னதை நான் எழுதுகிறேன். சர்ச் ஹாலில், ஒரு கையில் பன்றித் தொடைக்கறியும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் இருந்த தட்டை வைத்துக்கொண்டு, வந்த எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாய்: "மேல்மேட்டை அவளுக்குக் குடுத்து என்ன பிரயோசனம்? ஏழு வருஷம் வாய்க்கால் காய்ஞ்சு கிடந்தா தண்ணி தானா கீழ என்கிட்ட வந்துரும். பொறுத்திருந்தா போதும்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். டார்வின் கிளெக் ரொம்பச் சத்தமாகச் சிரித்தான். பொறுத்திருந்தாய். இப்போது கம்பெனிக்காரன் உன்னை முந்திக்கொண்டான். கோபம் அதில்தானோ?

நான் ஏன் போனேன் என்று ஊரில் பல கதை உண்டு. சர்ச்சை விட்டுப் போனவள், வெளி ஆளைக் கட்டிக்கொண்டவள், சர்ச் விலக்கிய காபியைக் குடிக்கிறவள். எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் காரணம் வேறு. உனக்கு அறுபது மாடும் நிலமும். எனக்கு, நல்ல பையனாக ஒருவன் கிடைக்க வேண்டும் என்று ஒரு பிரார்த்தனை. முன்னேற்றம் என்பது அந்த வீட்டில் ஆண்பிள்ளைக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. இங்கே ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தேழு வருடம் நின்றே வேலை பார்த்தேன். ஒரு பெண்ணை டாக்டர் ஆக்கினேன். அவள் தேடிப் பிடித்த வேலை நான் ஓடி வந்த ஊரில் இருக்கிறது. சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அவள் வேலை விஷயமாக அங்கே வருகிறாள். மோட்டலில் தங்கச் சொன்னேன். "அவரு என் தாய்மாமாம்மா. நீ சண்டை போட்டா போட்டுக்கோ, நான் அவங்க வீட்டுலதான் தங்குவேன்" என்கிறாள். நேராகவே கேட்கிறேன். அவள் டிரெய்லரில் இருந்தால் உனக்குச் சந்தோஷமா?

நெட்ரா


ஃபேர்டேல்
ஏப்ரல் 22, 2022

நெட்ரா,

பதில் தாமதம். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நாம் இருவரும் கத்துவோம்.

கொரின் ஐந்து நாள் எங்களோடு இருந்தாள். காலையில் எழுந்ததும் காபி கேட்டாள். ஆர்வா சூடான சாக்லேட் கொடுத்தாள். முகம் சுளிக்காமல் குடித்தாள். மூன்றாம் நாள் ஒரு கிடாரிக்குக் கன்று குறுக்கே கிடந்தது. நானும் பிராக்கும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் முடியவில்லை. அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே கைவிட்டுத் திருப்பிக் கன்றை எடுத்தாள். தாயும் கன்றும் நன்றாக இருக்கின்றன. "மாமா, இத்தனை நாளு நீங்களேதான் எல்லாத்தையும் இழுத்துட்டிருந்தீங்களா? பாவம் மாடுங்க"ன்னாள்.

அன்று மதியம் மேல்மேட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். சாப்பிடும்போது கேட்டாள்: "அங்க போன வருஷம் அறுத்த புல்லோட அடிக்கட்டை அப்படியே இருக்கு மாமா. குதிரைமசால் தீவனம் அவ்வளவு அடர்த்தியா தானா முளைக்காதே?" நான் ரொட்டியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் ரொட்டியை எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்கவில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அதனால் நானே சொல்கிறேன். 2015 ஜூலையில் எங்கள் முறைத் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. கீழ்நிலம் முழுக்கக் கருகியது. மாடுகளுக்கு எலும்பு தெரிந்தது. உன் ஊற்றுத் தண்ணீர் மட்டும் யாருக்கும் உதவாமல் ஓடையில் விழுந்து மணலில் போய்க்கொண்டிருந்தது. தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்ப்பேன். இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு உன் சங்கிலியை வெட்டினேன். மதகைத் திறந்து உன் ஐந்து ஏக்கருக்குப் பாய்ச்சினேன். புல் வந்ததும் அறுத்து என் மாடுகளுக்குப் போட்டேன். மீதியை அவற்றையே விட்டு மேய்த்தேன். உன் பூட்டு மாதிரியே ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். ஒரு கோடையோடு நிறுத்திக்கொள்வதாக எனக்கு நானே சத்தியம் செய்தேன். ஏழு கோடை செய்தேன். அந்த நிலம் ஜூனிப்பர் மரங்கள் அடர்ந்த மேட்டுக்குப் பின்னால் இருப்பதால் என் வீட்டைத் தவிர வேறு எங்கிருந்தும் தெரியாது. ஆர்வாவுக்குத் தெரியும்.

உனக்காக, உரிமை சாகக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். மாட்டுக்காகச் செய்தேன். உன் படிவத்தில் 'நெட்ரா பாசனம் செய்தார்' என்று இல்லாமல் 'யாராவது பாசனம் செய்தார்களா' என்று இருந்திருந்தால் மார்ச்சிலேயே மாட்டியிருப்பேன். நான் கையெழுத்துப் போடாததற்கு நேர்மை என்று பெயர் சூட்டிக்கொண்டேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் விசாரணையில் இதைச் சொன்னால் உன் தண்ணீர் பிழைக்கலாம். ஆனால் இந்த ஊரில் அடுத்தவன் முறையில் தண்ணீர் எடுத்தவன் என்றால் என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். அந்தக் குற்றத்துக்காக டார்வின் கிளெக்கின் முறையை நானே மூன்று தடவை வெட்டியிருக்கிறேன். அவன் பெண்டாட்டி என் வீட்டு வாசலில் நின்று அழுதும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

தேய்ன்


டேட்டன்
ஏப்ரல் 29, 2022

திருட்டுப் பயலே,

சமையலறையில் நின்று படித்தேன். சிரிப்புதான் முதலில் வந்தது. கூட வேலை செய்யும் ஷாண்ட்ரெல், "யாரு எழுதியிருக்கா, காதலனா?"ன்னாள். "இல்ல, எங்க ஊர்ல தண்ணித் திருடனைப் பிடிக்கிற ஆளு"ன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

அப்புறம் கோபம் வந்தது. ஏழு கோடை! அங்கிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்ப உனக்குக் கை வரவில்லை. என் புல்லை அறுக்க மட்டும் வந்தது. நான் இங்கே வாடகை வீட்டில் ஜன்னல் தொட்டியில் தக்காளி வளர்த்துக்கொண்டு, என் நிலம் காய்ந்து கிடக்கிறது என்று நினைத்து வருத்தப்பட்டேன். அது செழித்திருக்கிறது. உன் மாடு தின்றிருக்கிறது.

சரி. நான் யோசித்ததைச் சொல்கிறேன். நீ அங்கே பாசனம் செய்தாய் என்று மட்டும் சொல். என் அனுமதியோடு செய்தாய் என்று நான் எழுதித் தருகிறேன். 2015இல் போனில் கேட்டாய், நான் சரியென்றேன், அவ்வளவுதான். உன் பெயர் கெடாது. என் தண்ணீர் போகாது. கம்பெனி வாயை மூடும். பொய் சொல்வது நான். சர்ச்சை விட்டவளுக்கு ஒரு பொய் கூடினால் என்ன குறைந்துவிடப் போகிறது? நீ தலையை மட்டும் ஆட்டு. அதுகூட உன்னால் முடியாதா?

இது உனக்காக இல்லை. கொரினுக்காக.

நெட்ரா


ஃபேர்டேல்
மே 16, 2022

நெட்ரா,

விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொரினும் வந்திருந்தாள், சந்தேகம் இருந்தால் அவளைக் கேள்.

முந்தின நாள் ஆர்வாவிடம் உன் யோசனையைச் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "நாலு பேர் முன்னாடி தலைகுனியறது ஒரு நாள் வேலைங்க. நீங்க ஏழு வருஷமா சாப்பாட்டு மேஜையில பிரார்த்தனை சொல்லும்போது குரல் அடங்கிப்போறதை நான் தினமும் கேக்கறேன். போய்ச் சொல்லிட்டு வாங்க." பிறகு குழைந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

ஊராட்சி ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் நம் சர்ச். தண்ணீர் விஷயம் என்றால் கல்யாணத்தைவிட அதிகம் பேர் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். நீர் அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்டாள். கம்பெனி வக்கீல் நல்ல பூட்ஸ் போட்டிருந்தான். உரிமையாளர் ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார், ஒன்பது வருடம் இங்கே வரவே இல்லை, மதகு பூட்டிக் கிடக்கிறது என்று படம் காட்டிச் சொன்னான்.

நான் எழுந்து, ஏழு கோடையும் நான்தான் பாய்ச்சினேன், என் கையில் சாவி இருக்கிறது என்றேன். உறுதிமொழி எடுத்துவிட்டுத்தான் சொன்னேன். வக்கீல் விடவில்லை. "ஓனரோட அனுமதி இருந்துச்சா சார்?"ன்னான்.

நீ எழுதியது என் சட்டைப் பைக்குள் இருந்தது. தலையை ஆட்டினால் போதும் என்று எழுதியிருந்தாய். ஆட்ட வரவில்லை, நெட்ரா. "இல்ல. என் தங்கச்சி கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தா. நான் சங்கிலிய வெட்டித் திருடினேன்" என்றேன்.

பின்வரிசையில் டார்வின் கிளெக் எழுந்தான். "தேய்ன், இதைக் கேக்கறதுக்கு என் முறையை நாலாவது தடவையும் வெட்டியிருந்தாக்கூட பரவாயில்லடா"ன்னான். ஹாலே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அங்கேயே முறைத் தண்ணீர்ப் பொறுப்பை விடுவதாகச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் டார்வினைப் போடுவார்கள் என்று பேச்சு. கண்டிப்பாக இருப்பான். எல்லாத் தந்திரமும் அவனுக்குத் தெரியும்.

நீர் அலுவலகப் பெண் கடைசியாகச் சொன்னது இது. தண்ணீர் அந்த நிலத்துக்கே பாய்ந்திருக்கிறது, உரிமைப் பத்திரத்தில் சொன்ன பாசனத்துக்கே போயிருக்கிறது. ஆனால் அனுமதி இல்லாதவன் செய்த பாசனம் உரிமையாளரின் பாசனம் ஆகுமா என்பது உரிமையாளர் கையில் இருக்கிறது. நீ அதை ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் கொடுத்தால் உரிமை பிழைக்கும். திருட்டு என்று புகார் கொடுத்தால் என் மேல் வழக்கு வரும், ஆனால் அப்போது ஏழு வருடமும் நீ பயன்படுத்தவில்லை என்று ஆகிவிடும், தண்ணீர் போய்விடும். முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள்.

உன்னை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்று எனக்குப் புரிகிறது. மகளுக்கு வீடு வேண்டும் என்றால் என்னை மன்னித்தாக வேண்டும் என்பது மன்னிப்பே இல்லை, கழுத்தில் கத்தி. அதற்காக வருந்துகிறேன். ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை என்றால் என் சொந்தத் தண்ணீரில் வீட்டுக்குத் தேவையானதைக் கொரின் பெயருக்கு எழுதித் தருகிறேன். பத்திரம் தயாராக இருக்கிறது. ஆர்வாவும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நீ எதை எழுதினாலும் கொரினுக்கு வீடு உண்டு. அதனால் மனத்தில் இருப்பதை எழுது.

சர்ச் ஹாலில் அன்று நான் சொன்னது அசிங்கம். அப்பா உனக்கு ஊற்றைக் கொடுத்தார் என்று எனக்குப் பொறாமை.

தேய்ன்


டேட்டன்
மே 25, 2022

தேய்ன்,

உன் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் மாடுகளின் தண்ணீர் எனக்கு வேண்டாம். ஆனால் அதை நீ அனுப்பாமல் இருந்திருந்தால் நான் இன்று எழுதியதை எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருந்தாலும், கட்டாயத்தில் எழுதினேன் என்று வாழ்நாள் முழுவதும் உன்மேல் கறுவிக்கொண்டிருப்பேன்.

கொரின் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். நீ 'திருடினேன்' என்று சொன்னபோது தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். அதை நீ எழுதவில்லை. "மாமாவைப் பாக்கப் பாவமா இருந்துச்சும்மா, ஆனா பக்கத்துல போய் நிக்கணும்னு தோணுச்சு. போய் நின்னேன்"ன்னாள். அதையும் நீ எழுதவில்லை.

எனக்கு அழுகை வந்தது. இதை எழுத வெட்கப்படவில்லை. வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.

நீர் அலுவலகத்துக்கு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பியது நான்கு வரிதான். முதலில் 'தேய்ன் யோர்கென்சன் என்பவர்' என்று எழுதினேன். அடித்தேன். 'பக்கத்து நிலத்துக்காரர்' என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். கடைசியில் போனது இது:

'தேய்ன் யோர்கென்சன் என் அண்ணன். 2015 முதல் ஏழு கோடையும் என் ஊற்றுத் தண்ணீரை என் நிலத்துக்குப் பாய்ச்சினார். அதை என் பாசனமாக ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.'

அது அவர்களுக்கு எழுதியது. எனக்கு ஏராளமான ஆட்சேபம் இருக்கிறது, அண்ணா. ஒன்பது வருடத்துக்கானது. காகிதத்தில் அடங்காது. ஜூன் பத்தாம் தேதி சால்ட் லேக் விமான நிலையத்தில் காலை பதினொன்றரைக்கு இறங்குகிறேன். கத்துவேன். வண்டியோடு வந்து நில்.

நெட்ரா